லோன் கிடைக்கும், வாங்க ஆள் கிடைக்குமா?



போன ஐப்பசியில் எங்க சிவகிரியில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி என்னைத் தேடி வந்தார். "சார், எலுமிச்சை விலை பறிகூலிக்குக்கூடக் கட்டல. ஊறுகாய் போட்டு விக்கலாம்னு இருக்கேன். அம்மா நகையை அடகு வச்சிரலாம். மிச்சத்துக்கு லோன் கிடைக்குமா?"

"லோன் கிடைக்கும் தம்பி. ஊறுகாயை யார் வாங்குவா?"

"கடைக்காரங்கதான்" என்றார்.

நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவன்தான். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மரச்செக்கு வாங்கினேன். முதல் மாதம் சொந்தக்காரங்க எண்ணெய் வாங்கினாங்க. மூணாம் மாதம் ஆளில்லை. செக்கு இப்போ தொழுவத்தில் சும்மா நிக்குது. வங்கியில் 30 வருஷத்துக்கு மேல் மத்தவங்க திட்ட அறிக்கையைச் சரிபார்த்தவன், எனக்குன்னு ஒண்ணு எழுதிப் பார்க்கல!

அதனால் ரெண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து தோராயமா ஒரு கணக்குப் போட்டோம்.

300 கிராம் பாட்டிலுக்குக் காய், உப்பு, வத்தல், நல்லெண்ணெய் 35 ரூபாய். பாட்டிலும் லேபிளும் 15. கூலி 15. ஆக 65. கடைக்காரர் 85க்கு எடுத்தால் மிச்சம் 20 ரூபாய். வாடகை, கரண்ட், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 8,000. அப்படியானால் 400 பாட்டில் விற்றால்தான் கையைக் கடிக்காது. தம்பிக்கு மாதச் சம்பளமா இன்னொரு 8,000 வேணும்னா 800 பாட்டில்!

அடுத்தது கைமுதல். எலுமிச்சை மழைக்காலத்தில் மலிவு, கோடையில் விலை ஏறிரும். அதனால் மலிவான நாளிலேயே போட்டு வைக்கணும். மாதம் 400 வீதம் ஆறு மாதத்துக்கு 2,400 பாட்டில். சரக்குக்கு மட்டும் 84,000 ரூபாய் முடங்கும். கடைக்காரர் கடனுக்கு எடுத்தால் அது திரும்ப இன்னும் நாளாகும். பல தொழில்கள் நொடிப்பது நஷ்டத்தால் அல்ல, இந்தக் கைமுதல் இல்லாமல்தான்.

மானியத்தை நம்பியும் இறங்கக் கூடாது. 2020இல் வந்த பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் அறிவிச்சாங்க. நம்ம பங்கா குறைந்தது 10 விழுக்காடு போடணும். ஆனால் மானியம் நம்ம கைக்கு வராது, வங்கியிலேயே இருக்கும். மூணு வருஷம் தவணை ஒழுங்காகக் கட்டினால்தான் கடனில் கழிப்பாங்க.

பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு பேர் வாங்கித் தரும், விற்றுத் தராது.

இன்னொண்ணு. காய் மட்டும் நம்ம இயற்கைத் தோட்டத்துக் காயாக இருந்தால் போதாது. வத்தலும் எண்ணெயும் அப்படி இருந்தால்தான் 'இயற்கை ஊறுகாய்' என்று எழுதலாம். சான்று பற்றிய விதிகளையும் கேட்டுக்கணும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போடாமல் விற்கக் கூடாது.

தம்பி நகையை அடகு வைக்கல. பதிவு மட்டும் செய்துவிட்டு, வீட்டில் 60 பாட்டில் போட்டு, தெரியாத வீடுகளாகப் பார்த்து விற்றார். மாசியில் 22 வீட்டுக்காரங்க திரும்பக் கேட்டு வந்தாங்க. அந்தப் பேரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வச்சிருக்கார். இந்த வருஷம் 200 பாட்டில் போடப் போறார். மெஷின் பற்றி இன்னும் பேச்சே இல்லை.

நீங்களும் முதலில் ஒரு நோட்டு வாங்குங்க.