ஓஎல்இடி திரையில் நிழல் விழுவது ஏன்?

கிழக்கு தாம்பரத்தில் என் நண்பர் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். விலைக்கு வரும் பழைய போன்களில் அவர் முதலில் செய்வது, திரை முழுக்கச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறப்பதுதான். சில போன்களில் கீபோர்டின் கட்டங்களும் மேலே பேட்டரி படமும் நிழலாகத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள், அதில் அந்த நிழல் இருக்காது. கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை என்று பொருள். ரீசெட் செய்தாலும் பயனில்லை. திரையையே மாற்ற வேண்டும், அதன் விலையைக் கேட்டால் பலரும் போனையே மாற்றிவிடுகிறார்கள்.

எல்சிடி திரைக்குப் பின்னால் தனி விளக்கு உண்டு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒரு பக்கத்திலிருந்து எலெக்ட்ரான், மறுபக்கத்திலிருந்து எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடம் (ஹோல்). இரண்டும் ஒரு கார்பன் சேர்மத்துக்குள் சந்திக்கும்போது ஒளி பிறக்கிறது. 1987-ல் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இரண்டு மெல்லிய படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்துப் பச்சை ஒளியை வரவழைத்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது கோடாக்கில். ஆமாம், பிலிம் ரோல் விற்ற அதே கோடாக்தான்! அன்று ஒளிர்ந்த பொருள் அலுமினியம் சேர்ந்த குயினோலேட். பிறகு உலகெங்கும் இதைவிட நல்ல சேர்மங்களைத் தேடினார்கள். லண்டன் புரூனல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூபதி கதிர்காமநாதன், அலுமினியத்தின் இடத்தில் சிர்க்கோனியத்தை வைத்து ஆராய்ந்தவர்.

தீராத தலைவலி நீலம்தான். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். அந்த ஆற்றலே சேர்மத்தின் பிணைப்புகளை உடைக்கிறது. சிவப்பு, பச்சைக்கு பாஸ்பரசென்ட் வகைப் பொருட்கள் வந்துவிட்டன. அவை கொடுத்த மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் ஒளியாக்கக் கூடியவை. நீலத்துக்கு இன்னும் பெரும்பாலும் பழைய புளோரசென்ட் வகைதான். அதில் கால் பங்குதான் எளிதாக ஒளியாகிறது. அதனால் நீலப் புள்ளி அதிகம் உழைத்துச் சீக்கிரம் மங்குகிறது. பல போன்களில் நீலப் புள்ளியைப் பெரிதாக வைப்பது இதற்காகத்தான். நாள் முழுக்க ஒரே இடத்தில் எரியும் ஐகான், அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிடுகிறது. நிழல் என்பது இதுதான்.

நமக்குப் பக்கத்திலேயே, சென்னை ஐஐடியில், 2022-ல் அமோலெட் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. மத்திய மின்னணுத் துறை, டிஆர்டிஓ, டாடா சன்ஸ் பணம் தருகின்றன. நம் போன்களின் ஓஎல்இடி பேனல்கள் இன்றும் பெரும்பாலும் கொரியா, சீனாவிலிருந்து வருபவையே. எனவே இம்மையத்தைக் கவனித்து வருவது நல்லது என்பேன்.

அதுவரை உங்கள் போனில் ஆட்டோ பிரைட்னஸ், டார்க் மோட் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கறுப்பு இடத்தில் புள்ளி அணைந்தே இருக்கும். ஸ்கிரீன் டைம்அவுட்டை 30 நொடியாக வையுங்கள். மேப்பைத் திறந்து வைத்து நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்கள் பழைய எல்சிடி போனையே அதற்குப் பயன்படுத்தலாம்.