தொட்ட வரியெல்லாம் பெரிய எழுத்து

வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மெயின்ஃபிரேம் வேலைக்குப் போகும் தம்பி ஒருவன் டீக்கடையில் கேட்டான்: "சின்ன எழுத்துலதான் அடிக்கிறேன்ணா. என்டர் தட்டினா எல்லாம் பெரிய எழுத்தாகுது. கீபோர்டு போச்சா?"

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. மெயின்ஃபிரேமின் ஐ.எஸ்.பி.எஃப். எடிட்டரில் 'கேப்ஸ் ஆன்' இருக்கிறது, அவ்வளவுதான். அது புதிதாக அடித்ததை மட்டும் மாற்றினால் பரவாயில்லை. கை வைத்த வரி முழுவதையும் மாற்றிவிடும். மேற்கோள் குறிக்குள் மறையூரின் பெயரை முதலெழுத்து மட்டும் பெரிதாக எழுதியிருப்பான் ஒருவன். அதே வரியில் நீ ஒரு காற்புள்ளியைத் திருத்துகிறாய். ஊர்ப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தாகிவிடும். கோபால் மொழி தன் சொற்களில் சின்னது பெரியது பார்க்காது. மேற்கோளுக்குள் கட்டாயம் பார்க்கும். தரவுக் கோப்பில் இருக்கும் பெயரோடு பிறகு அது பொருந்தாது. அஞ்சல் விசைப்பலகை முறையில் தமிழ் அடிப்பவர்களுக்குச் சின்னது பெரியது வேறுபாடு புதிதல்ல: சின்ன 'எல்' அடித்தால் ல, பெரிய 'எல்' அடித்தால் ள.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. ஐ.பி.எம். 1401 காலத்தில் ஓர் எழுத்துக்கு ஆறு பிட். சின்ன எழுத்துக்கு இடமே கிடையாது. 1964-இல் எட்டு பிட் குறியீடு வந்த பிறகும், கணினிக்கு வேலையைச் சொல்லும் ஜே.சி.எல். மொழி பெரிய எழுத்தையே கேட்கிறது. ஆகவே அங்கே கேப்ஸ் ஆன் வசதிதான்.

சரி, எங்கே மாற்றுவது? கட்டளை வரியில் 'புரொஃபைல்' என்று அடி. இப்போதைய அமைப்பு மேலே தெரியும். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வைத்துத்தான் புரொஃபைல் அமையும். அதனால் கோபாலுக்கு ஒன்று, ஜே.சி.எல்-க்கு ஒன்று. கோபால் கோப்பைத் திறந்து 'கேப்ஸ் ஆஃப்' கொடு.

இத்தோடு விட்டால் நாளைக்கு மறுபடி என்னிடம் வருவாய். திறக்கும்போதே எடிட்டர் கோப்பை நோட்டம் விடும். சின்ன எழுத்தே இல்லையென்றால் கேப்ஸை அதுவாகவே ஆன் செய்துவிடும். உதவி செய்வதாக நினைப்பு! அதனால் கேப்ஸ் ஆஃப் கொடுத்த கையோடு 'புரொஃபைல் லாக்' கொடுத்துவிடு. பூட்டிய பிறகு, ஒவ்வொரு முறையும் நீ வைத்தபடியே திறக்கும். வேண்டாமென்றால் 'அன்லாக்'.

ஏற்கெனவே மாறிப்போன வரிக்கு 'எல்.சி.' போடாதே, அது முதலெழுத்தையும் சேர்த்துச் சின்னதாக்கிவிடும். இன்னும் சேமிக்கவில்லையென்றால் 'கேன்சல்' கொடுத்து வெளியே வந்து, திரும்பத் திற.