பெரிய பைலை மெயிலில் திணிக்காதீங்க... லிங்க் அனுப்பினாலே போதும்!

சிவகாசி,

ஆடிப்பெருக்கு அன்று புத்தாண்டு காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி அச்சகங்களில் ஆர்டர்கள் குவியத் தொடங்கும். சாமி படம், கடை பெயர், முதலாளி போட்டோ என்று வெளியூர் டிசைன்கள் மெயிலில் பறந்து வரும்.

"அண்ணே, அனுப்பிட்டேன். வந்துச்சா?"

"இன்னும் வரலையே தம்பி!"

அச்சகம் மட்டுமல்ல... போட்டோ ஸ்டூடியோ, பிளக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என எங்கும் கேட்கும் பேச்சு இது.

திரும்பி வருவது ஏன்?

ஜிமெயிலில் ஒரு மெயிலுடன் 25 எம்.பி. வரைதான் பைல் இணைக்கலாம். பல அலுவலக மெயில்களில் வரம்பு இன்னும் குறைவு. போதாக்குறைக்கு, மெயிலில் போகும்போது பைலின் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 15 எம்.பி. பைல் 20 எம்.பி. ஆகிவிடும். அதனால்தான் இங்கே கிளம்பிய மெயில், அங்கே முட்டி திரும்பி வருகிறது.

நிரம்பினால் ஆபத்து

ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜி.பி.தான். 20 எம்.பி. பைலை 10 பேருக்கு அனுப்பினால் 10 பேர் இன்பாக்சிலும் ஒவ்வொரு நகல் உட்காரும். உங்கள் 'சென்ட்' பெட்டியிலும் ஒன்று!

இடம் தீர்ந்தால் புது மெயில் உள்ளே வராது. வேலைக்கான இன்டர்வியூ கடிதமாக இருந்தாலும் வாசலோடு திரும்பிவிடும்.

என்ன செய்யலாம்?

பைலை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். 'ஷேர்' பட்டனை அழுத்தி, வாங்குபவரின் மெயில் முகவரியைப் போடுங்கள். அவருக்கு லிங்க் மட்டும் போகும். எத்தனை பேர் பார்த்தாலும் பைல் ஒன்றுதான். அவர் "இறக்கியாச்சு" என்று சொல்லும்வரை அழித்துவிடாதீர்கள். அழித்தால் லிங்க் வேலை செய்யாது.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் படம் சுருங்கி, பிரிண்ட்டில் மங்கலாகிவிடும்.

உஷார்!

'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்தால், லிங்க் கைமாறிய இடமெல்லாம் உங்கள் பைலும் போகும். ஆதார், பேங்க் பாஸ்புக் போன்றவற்றை அப்படி வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் ஷேரிங்கை நிறுத்திவிடுங்கள்.

ஏற்கனவே இன்பாக்ஸ் நிரம்பிவிட்டதா? பெரிய பைல் உள்ள பழைய மெயில்களைத் தேடி அழியுங்கள். தேவையானதை முதலில் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ எடுத்து வைப்பது நல்லது. அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடந்து இடத்தை அடைக்கும். அதையும் காலி செய்தால்தான் அடுத்த மெயில் உள்ளே வரும்.