நாள்பட்ட சீஸ் பசியை அடக்குமா?

"இதைத் தின்றால் பசி எடுக்காதாமே, உடம்பு இளைக்குமாமே?" விலையைக் கேட்கும் முன்பே சீஸ் அலமாரியின் முன் நின்று வாடிக்கையாளர்கள் இப்படிக் கேட்கிறார்கள். விற்கிறவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், நாம் விசாரித்து அறிந்ததை எழுதுகிறோம்.

நாள்பட்ட சீஸுக்குப் பேர்போனது இத்தாலியில் பார்மா வட்டாரத்துப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் செல்லும். குறைந்தது 12 மாதம் கிடங்கில் இருந்தாக வேண்டும். 24, 36 மாதச் சரக்கும் உண்டு. (அங்கே ஒரு வங்கி இந்தச் சக்கரங்களை ஈடாக வாங்கிக் கிடங்கில் வைத்துக் கடன் கொடுக்கிறது. ஈரோட்டில் மஞ்சளை வைத்துக் கடன் வாங்குகிறோமே, அதுபோலத்தான்!)

நாள் ஆக ஆக ஈரம் வற்றி, 100 கிராமில் 32 கிராம் அளவுக்குப் புரதம் நிற்கிறது. அந்தப் புரதமும் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைகிறது. கடிக்கும்போது நறநறவென்று தட்டுப்படும் வெள்ளைப் புள்ளிகள் உப்பல்ல, டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள்.

இனி பசிக்கு வருவோம். வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், சாப்பிட்டால் இறங்கும். இதை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். "போதும்" என்று சொல்வது வேறு கூட்டம். கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வந்ததும் கொலிசிஸ்டோகைனின் சுரந்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. 1973இல் இதை எலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது அவை தீனியைக் குறைத்துக்கொண்டன. ஜி.எல்.பி.-1 என்பதும் இந்த இனமே. ஆகவே, ஒரு துண்டு சீஸ் தின்றவர் வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது என்றால் அது வெறும் பிரமை அல்ல.

ஆனால் புரதமுள்ள முட்டையும் பருப்பும்கூட இந்த வேலையைச் செய்யும். மேலும் இந்தச் சீஸில் 100 கிராமுக்கு 400 கலோரி அளவு இருக்கிறது. உப்பும் அதிகம். இரத்த அழுத்தக்காரர்களிடம் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். நம் கடைகளில் அதிகம் ஓடும் ஸ்லைஸ், டப்பா வகைகளோ சீஸை உருக்கி, உப்புகள் சேர்த்து வார்த்தவை. அவற்றை நாள்பட்ட சீஸ் என்று சொல்லக் கூடாது.

நமக்குத் தெரிந்த கடையொன்றில் "உடல் எடை குறைய" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவில், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. வருஷ லாபமே போய்விடும். எடுத்துச் சொன்னதும், தம்பி அந்த அட்டையைக் கழற்றிவிட்டு, எத்தனை மாதச் சரக்கு என்பதை மட்டும் எழுதி வைத்தார்.