தோட்டத்தில் ஒரு மரப் பட்டறை: கட்டுமுன் கணக்கிட வேண்டியவை

பணி ஓய்வுக்குப் பின் தச்சு வேலையில் ஈடுபட விரும்புவோரும், வீட்டிலிருந்தபடியே மரப் பொம்மைகளும் சிறு மரச்சாமான்களும் செய்து விற்க முனைவோரும் வங்கிக் கிளைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுத் தோட்டத்தில் மரத்தாலேயே ஒரு பட்டறை அமைக்கலாமா, அதற்குக் கடன் கிடைக்குமா என்பதே அக்கேள்வி. கடனைப் பற்றிய பகுதிக்கு விடை எளிது. ஆனால் பட்டறை எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே அக்கடன் வருமானமாக மாறுமா, சுமையாக மாறுமா என்பது முடிவாகிறது. ஆகவே கட்டுமானத்தையும் கணக்கையும் சேர்த்தே இங்குக் காண்போம். எடுத்துக்காட்டாக 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட பட்டறை ஒன்றை மனத்தில் கொள்க.

மரக் கட்டடம் நம் நாட்டுக்குப் புதிதன்று

இமாசலப் பிரதேசத்தில் மரமும் கல்லும் மாறிமாறி அடுக்கிய காட்-குனி வீடுகளும், காஷ்மீரத்தில் மரச்சட்டங்களுக்கிடையே கல்லையும் மண்ணையும் நிரப்பிய தஜ்ஜி தேவாரி வீடுகளும் இன்றும் நிற்கின்றன. 1897ஆம் ஆண்டு அசாமைத் தாக்கிய பெருநிலநடுக்கத்துக்குப் பின் அங்கே இலகுவான மரச்சட்ட வீடுகள் பரவலாயின. இவை யாவும் தத்தம் ஊரின் வெயில், மழை, குளிர் ஆகியவற்றுக்கு ஏற்ப உருவானவை. நாமும் அவ்வாறே சிந்திக்க வேண்டும். குளிர் நாடுகளின் பட்டறை வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டுவது பொருந்தாது.

வெப்பம் எவ்வழி வருகிறது?

மரம் இயல்பாகவே குளிர்ச்சி தரும் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்கு வேறு விதமாக உள்ளது. வெப்பத்தைக் கடத்தும் திறன் செங்கற்சுவருக்கு ஏறத்தாழ 0.8 அலகு, மரத்துக்கு 0.14, பாறைப் பஞ்சு எனப்படும் ராக்வூலுக்கு 0.04. பொருள் அளவில் மரம் சிறந்ததே. ஆனால் நாம் பயன்படுத்தும் பலகையின் கனம் ஓர் அங்குலம். செங்கற்சுவரின் கனமோ ஒன்பது அங்குலம். இரண்டையும் ஒப்பிட்டால் வெறும் பலகைச் சுவர் செங்கற்சுவரைவிடக் குறைவாகவே வெப்பத்தைத் தடுக்கிறது. அதே பலகைக்குப் பின்னால் 50 மி.மீ. பாறைப் பஞ்சு வைத்தால், அந்தப் பஞ்சு மட்டுமே ஏறத்தாழ ஒரு மீட்டர் கனமுள்ள செங்கற்சுவருக்கு ஈடாகிறது. வெப்பக்காப்புக்குச் செலவிடும் பணத்தின் பயன் இதுவே.

நம் நாட்டில் வெயில் பெருமளவு தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. எனவே செலவிடும் தொகை முதலில் கூரைக்குச் செல்ல வேண்டும். வெளிர் நிறத் தகடு, அதன் கீழ் காற்றோடும் இடைவெளி, பிறகு அலுமினியத் தாள், அதன் கீழ் 50 முதல் 75 மி.மீ. பஞ்சு, இறுதியில் உட்கூரைப் பலகை என்பது நல்ல வரிசை. அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியை நோக்கி இருந்தால்தான் அது பயன் தரும். தகட்டோடு ஒட்டி வைத்தால் பயனில்லை. கூரை நான்கு பக்கமும் இரண்டடி நீண்டிருந்தால் வெயிலும் சாரலும் சுவரைத் தாக்குவது குறையும்.

ஒன்றை நினைவில் கொள்க. வெப்பக்காப்பு குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வெப்பம் உள்ளே வரும் வேகத்தைக் குறைக்கிறது. உள்ளே இயங்கும் இயந்திரங்களின் சூட்டை வெளியேற்ற மின்விசிறியும் எதிரெதிர்ச் சன்னல்களும் அவசியம்.

ஈரம் செல்லும் திசை

பிரிட்டன், கனடா போன்ற குளிர் நாடுகளின் செய்முறைகளில் சுவரின் உட்புறம் பாலித்தீன் தாள் விரிக்கச் சொல்வார்கள். அங்கே உள்ளிருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று வெளியே செல்ல முயல்கிறது, சிம்லாவிலும் அவ்வாறே. சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் குளிரூட்டி பொருத்திய பட்டறையில் நிலைமை தலைகீழ். வெளியிலுள்ள சூடான ஈரக்காற்றே உள்நோக்கி வருகிறது. உட்புறத் தாளில் அது தடைபட்டு நீராக மாறி, பஞ்சையும் சட்டத்தையும் நனைக்கிறது. கண்ணுக்குத் தெரியாமலே மரம் மட்கிப்போகும். ஆகவே கடலோர ஊர்களில் உட்புறம் பாலித்தீன் கூடாது. நீரைத் தடுத்து ஆவியை விடும் தாளைப் பஞ்சுக்கு வெளியே விரித்து, அதற்கும் வெளிப்பலகைக்கும் இடையே 25 மி.மீ. காற்று இடைவெளி விடுவது நன்று.

மரமும் கரையானும்

பச்சை மரம் வாங்கினால் உலரும்போது சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். மரத்தில் அனுமதிக்கப்படும் ஈரப்பதத்தை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 287 மண்டலவாரியாக வகுத்துள்ளது. மரக்கடையிலேயே ஈரமானியால் சோதித்துக் காட்டச் சொல்லலாம். தேக்கு உறுதியானது, ஆனால் விலை மிகுதி. ரப்பர் மரமும் பைன் மரமும் மலிவானவை. ஆயினும் பதப்படுத்தாமல் பயன்படுத்தினால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இரையாகும். போரான் கொண்டு பதப்படுத்திய மரம் மழையில் நனையாத உட்பகுதிக்கு மட்டுமே ஏற்றது. மழையில் அம்மருந்து கரைந்து போகும்.

மரத்தூணை மண்ணில் புதைக்கவே கூடாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரமுள்ள கான்கிரீட் குற்றிகளின் மேல், துத்தநாகம் பூசிய இரும்புப் பிடியில் தூணை நிறுத்த வேண்டும். கரையான் மண்கூடு கட்டி ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடித்தளத்துக்கான கரையான் தடுப்பு முறைகளை ஐ.எஸ். 6313 விளக்குகிறது.

மரப் பட்டறை எடை குறைந்தது என்பதால் புயற்காற்று அதைத் தூக்கிவிடக்கூடும். காற்றுச்சுமைக்கான ஐ.எஸ். 875 சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. கூரையைத் தூணோடும், தூணை அடித்தளத்தோடும் இரும்புப் பட்டைகளாலும் போல்ட்டுகளாலும் இணைப்பது இன்றியமையாதது.

நெருப்பு, மின்சாரம், ஓசை

தெர்மோகோல் விலை குறைவு. ஆனால் எளிதில் தீப்பற்றும். மரத்தூளும் தீப்பொறியும் சேர்ந்திருக்கும் இடத்தில் எரியாத பாறைப் பஞ்சே தக்கது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் இட வேண்டும்.

வீட்டிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுப்பது ஆபத்து. தனி மின்பலகை, முறையான எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே வரம்பு. பாறைப் பஞ்சு ஓசையையும் ஓரளவு விழுங்கும். ஆயினும் அறுவை இயந்திரத்தைப் பகலில் மட்டும் இயக்குவதே அண்டை வீட்டாருடனான உறவுக்கு நல்லது.

அனுமதியும் அடமானமும்

மரத்தாலானது, பெயர்த்தெடுக்கக் கூடியது என்பதால் அனுமதி தேவையில்லை என்று கருத வேண்டாம். மனையைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளியில் பட்டறை அமைந்தால் உள்ளாட்சி அமைப்பு அதை அகற்றச் சொல்லலாம். வீட்டுக்கடன் நிலுவையில் உள்ளவர்கள், கூடுதல் கட்டுமானத்துக்கு வங்கியின் முன் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை தம் ஒப்பந்தத்தில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். விற்பனைக்காகப் பொருள் செய்யத் தொடங்கினால் மின் கட்டண வகை மாறக்கூடும். அதனை மின் அலுவலகத்தில் முன்னரே கேட்டறிக.

பலரும் கவனிக்காத காப்பீடு

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டில், சுவரோ கூரையோ மரப்பலகை, ஓலை, மூங்கில், தார்ப்பாய் முதலியவற்றால் ஆனால் அது ‘கச்சா’ கட்டுமானம் என வரையறுக்கப்பட்டுள்ளது. வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதே, பட்டறையும் அதற்குள் அடங்கும் என்று எண்ணியிருப்பவர், தீ விபத்துக்குப் பின் உரிமை கோரும்போது ஏமாற்றம் அடைய நேரிடும். கடன் வாங்கிய பட்டறை எரிந்தாலும் மாதத் தவணை தொடரும் என்பதை மறக்கலாகாது.

எனவே கட்டுமுன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குப் பட்டறையின் அளவு, சுவர் மற்றும் கூரையின் பொருள், பயன்பாடு ஆகியவற்றை எழுத்தில் தெரிவித்து, ஏற்கிறார்களா என்பதை எழுத்திலேயே பெற வேண்டும். வெளிப்புறத்துக்குப் பலகைக்குப் பதிலாகச் சிமெண்டு இழைப் பலகையைப் பொருத்தினால் அதன் நிலை மாறுமா என்றும் அப்போதே கேட்கலாம். தொழில் நடத்துபவர்கள் குறுந்தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியைப் பற்றி விசாரிப்பது பொருத்தம்.

கடன் வழிகள்

பொழுதுபோக்குக்கான பட்டறை எனில் தனிநபர் கடனோ வீட்டு மேம்பாட்டுக் கடனோ பொருந்தலாம். வருமானம் ஈட்டும் தொழில் எனில் முத்ரா திட்டம் உள்ளது. இதில் சிசு பிரிவில் ரூ. 50,000 வரையும், கிஷோர் பிரிவில் ரூ. 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் ரூ. 10 லட்சம் வரையும் கடன் பெறலாம்.

மரபுவழித் தச்சர்களுக்கு, 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் இன்னும் பயனுள்ளது. பிணையின்றி முதல் தவணையாக ரூ. 1 லட்சமும், அதனை முறையாகச் செலுத்திய பின் ரூ. 2 லட்சமும் 5 விழுக்காடு வட்டியில் வழங்கப்படுகின்றன. கருவிகளுக்கு ரூ. 15,000 மதிப்புள்ள மின் பற்றுச்சீட்டும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கே இச்சலுகை. அரசுப் பணியாளர் குடும்பத்தினருக்கு இது பொருந்தாது.

செலவுத் திட்டம் வகுக்கும்போது மரம், கூரை, கூலி ஆகியவற்றோடு நின்றுவிடாதீர்கள். வெப்பக்காப்பு, மின் இணைப்பு, தீயணைப்பான், காப்பீட்டுக் கட்டணம், ஆண்டுதோறும் தேவைப்படும் மரப்பூச்சு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தொகை போதவில்லையெனில் பட்டறையின் அளவைக் குறைக்கலாம். அடித்தளத்தையும் கூரைக் காப்பையும் மின் பாதுகாப்பையும் குறைக்க வேண்டாம்.

மனைப் பத்திர நகல், வரைபடம், பொறியாளரின் மதிப்பீடு, வருமானச் சான்று ஆகியவற்றுடன் தங்கள் கிளை அலுவலரை அணுகுங்கள். முதல் தூண் நடுவதற்கு முன்னரே வந்தால், அனுமதி, காப்பீடு, கடன் மூன்றையும் ஒருசேர ஒழுங்குபடுத்திக்கொள்ள இயலும்.