மெல்லக் கனலும் திகிற்படமும் காண்போர் கருத்தும்

ஒரே கொட்டகையில் ஒரே காட்சியைக் கண்டு வெளிவரும் இருவருள் ஒருவர், "படம் நகரவே இல்லை" என்கிறார். மற்றவர், "இருக்கையைப் பற்றிக்கொண்டே இருந்தேன்" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. நகைச்சுவைப் படத்திற்கோ சண்டைப் படத்திற்கோ இத்துணை முரணான கருத்து எழுவது அரிது. மனத்தின் கலக்கத்தையே கதைப்பொருளாகக் கொண்டு, மெல்ல மெல்ல அச்சத்தை ஏற்றிச் செல்லும் உளவியல் திகிற்படங்களுக்கே இது பெரிதும் நேர்கிறது. அவற்றுள்ளும், பெரும் பட நிறுவனங்களின் துணையின்றிச் சிறு பொருட்செலவில் எடுக்கப்படும் தற்சார்புப் படங்கள் இம்முரணில் சிக்கி மெலிகின்றன. இதற்குக் காரணம் யாது? இரு கருத்துகளுள் எதனைக் கொள்வது? இவற்றை ஆராய்வது தமிழாசிரியர்க்கும் பயன்தரும்.

கனலும் கொழுந்தும்

தீ இருவகையாக எரியும். ஓலைத்தீ குப்பென்று எழுந்து உடனே அவியும். உமித்தீ கொழுந்து காட்டாது. உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இதனினும் தெளிந்த சான்று ஒன்று உண்டு. ரப்பர்ப் பாலை உறையச் செய்து, தகடாக இழுத்து, புகைக்கூடத்தில் தொங்கவிடுவர். அங்கே மூட்டப்படும் தீ பல நாள் ஒரே சீராக இருத்தல் வேண்டும். கொழுந்துவிட்டால் தகடு கொப்புளிக்கும். அவிந்தால் பூஞ்சணம் படரும். காவல் இருப்பவனுக்கு அங்கே ஒன்றும் நிகழாதது போலவே தோன்றும். ஆயினும் வெண்ணிறத் தகடு பொன்னிறமாக மாறுவது அந்த 'ஒன்றும் நிகழாத' நாள்களிலேதான்.

மெல்லக் கனலும் படமும் இத்தகையது. எனவே, படம் விரைவாகச் செல்கிறதா, மெதுவாகச் செல்கிறதா என்பது முதல் வினாவன்று. கூடத்தினுள்ளே தீ இருக்கிறதா என்பதே முதல் வினா.

ஆங்கிலப் பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் உரையாடும் மேசையின் கீழ் வெடிகுண்டு இருக்கிறது. காண்போர்க்கு அதனைத் தெரிவிக்காமல் வெடிக்கச் செய்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி கிட்டும். முன்னரே தெரிவித்துவிட்டால், அதே வெற்றுரையாடல் பதினைந்து நிமிடம் நெஞ்சைப் பதைக்கச் செய்யும். உளவியல் திகிற்படத்தில் குண்டு மேசையின் கீழ் இல்லை. ஒரு மாந்தனின் மனத்தில் இருக்கிறது. அதனைக் காட்ட இயக்குநர்க்கு நேரம் வேண்டும். காணக் காண்போர்க்குப் பொறுமை வேண்டும்.

மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

இதனை அளக்கும் கோல் நம் மொழியிலேயே இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்றார். இவ்வெட்டும் நந்நான்காக விரிந்து முப்பத்திரண்டாம் என்பதும் அங்கே பேசப்படுகிறது. அந்நான்கும் யாவை என உரையாசிரியர் பேராசிரியர் விளக்குவார். சுவைக்கப்படும் பொருள் முதலாவது. அதனைப் பொறி உணர்தல் இரண்டாவது. அவ்வுணர்வு மனத்திற்பட்டு எழும் குறிப்பு மூன்றாவது. அக்குறிப்பினால் கண்ணீர் அரும்புதலும் மயிர் சிலிர்த்தலுமாக உடம்பில் தோன்றும் வேறுபாடு நான்காவது.

இந்நான்கையும் திரைக்குப் பொருத்திப் பார்ப்போம். விரைந்து செல்லும் பேய்ப்படம் முதற்படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவுகிறது. கதவு திறக்கிறது, உருவம் தோன்றுகிறது, மயிர் சிலிர்க்கிறது. மெல்லக் கனலும் படமோ மூன்றாம் படியாகிய குறிப்பிலேயே நெடிது தங்குகிறது. நான்காம் படியை எதிர்நோக்கி வந்தவர் 'ஒன்றும் நிகழவில்லை' என்கிறார். மூன்றாம் படியில் உடன் நின்றவர் 'நெஞ்சு அடைத்தது' என்கிறார். இருவரும் இருவேறு படிகளை அளந்து கூறுகின்றனர். கருத்து முரணுக்குக் காரணம் இதுவே.

அச்சம் தோன்றும் இடங்களையும் தொல்காப்பியர் நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இவற்றுள் நான்காவதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. தந்தை, ஆசிரியர், அரசன் முதலாயினோரை 'இறை' என்று உரைகாரர் காட்டுவர். பேயும் புலியும் கள்வனும் வெளியே இருந்து வருபவை. கதவைத் தாழிட்டுத் தப்பலாம். இறையினால் வரும் அச்சமோ வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. உளவியல் திகிற்படங்கள் பலவற்றின் விளைநிலம் இந்த நான்காம் அச்சமே.

'அந்த நாள்' கற்பித்த பாடம்

தமிழில் இம்முரண் புதியதன்று. 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இதற்குத் தக்க சான்று. பாட்டு, நடனம், சண்டை ஆகிய மூன்றும் அற்ற படம் அது. 1943இல் சப்பானியர் சென்னையில் குண்டு வீசிய காலத்தைக் களமாகக் கொண்டது. வானொலிப் பொறியாளன் இராசன் சுடப்பட்டு இறக்கிறான்; அவனை அறிந்தோர் ஒவ்வொருவரும் கூறும் செய்தி வழியே அவன் யாரென்பது விளங்குகிறது. இராசனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதைத்தலைவன் தொடக்கத்திலேயே இறந்துபடுவதையும், பின்னர் அவன் நாட்டிற்கு இரண்டகம் செய்தவன் எனத் தெரிவதையும், பாட்டே இல்லாதிருப்பதையும் அன்றைய காண்போர் பலரால் ஏற்க இயலவில்லை. முதல் வெளியீட்டில் படம் பொருளீட்டவில்லை. இன்றோ தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் அதனை ஒரு மைல்கல்லாகவே குறிக்கின்றனர்.

ஆறாண்டு கழித்து, 1960இல் ஹிட்ச்காக் தம் 'சைக்கோ' படத்தில் புகழ்பெற்ற நடிகையின் பாத்திரத்தை முற்பாதியிலேயே கொலையுறச் செய்தார். ஆனால் அவர் ஒரு முன்னேற்பாடு செய்தார். படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடலாகாது என்று கொட்டகைகளுக்கு விதித்தார். அதாவது, படத்தை எவ்வாறு காணவேண்டும் என்பதைக் காண்போர்க்கு முதலில் கற்பித்தார். 'அந்த நாள்' படத்திற்கு அத்தகைய ஆயத்தம் வாய்க்கவில்லை. மெல்லக் கனலும் படத்திற்குக் காண்போரை ஆயத்தம் செய்தலும் ஒரு பகுதி என்பதே இவ்விரு படங்களும் தரும் பாடம்.

பேராக்கின் அச்சங்கள்

சென்னையில் குண்டு விழுந்த அவ்வாண்டில் மலாயா சப்பானியர் ஆட்சியின் கீழ் இருந்தது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். போர் முடிந்தும் அமைதி வரவில்லை. 1948 சூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த குடியிருப்புகள் முள்வேலிக்குள் தொகுக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது, யார் யாரிடம் என்ன சொல்வார் என்ற ஐயமும் வந்தது. இவ்வச்சத்தில் பேயில்லை, புலியில்லை. பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்கு முன் நிலவும் அமைதியில் அது இருந்தது.

ஈப்போவிற்கு அருகே பத்து காஜாவில், வில்லியம் கெல்லி சுமித் என்பாரின் முற்றுப்பெறாத மாளிகை நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரும் அதனை எழுப்ப உழைத்தனர். 1926இல் அவர் இறந்ததோடு பணி நின்றது. சுற்றுலாச் செல்வோர் அங்கே ஆவிக்கதை கேட்டு மகிழ்வர். அஃது அணங்கு தரும் அச்சம், விளையாட்டாகவும் கொள்ளலாம். பேராக்கின் உண்மையான திகில் அம்மாளிகையில் இல்லை. ஆளரவமின்றி அழிந்துபோன லயங்களில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்பு நிலமாகியும் போனபோது, பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தோர் பட்டணங்களின் ஓரத்திற்கு வந்து சேர்ந்தனர். அவர்தம் மனத்தில் நிகழ்ந்ததைக் காட்ட ஓலைத்தீ உதவாது.

'ஜகாட்' ஒரு சான்று

இம்மாற்றத்தைப் பொருளாகக் கொண்டு, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படமான 'ஜகாட்' 2015 டிசம்பரில் வெளிவந்தது. மலாயில் 'தீய' என்னும் பொருளுடைய சொல்லைத் தமிழர் ஒலிக்கும் முறையே இதன் பெயர். இலக்கணப்படி இது திகிற்படம் அன்று. குற்றச் சூழலில் வளரும் ஒரு குடும்பத்தின் கதை. எனினும் மெல்லக் கனலும் முறையும் மனக்கலக்கமும் இதனை நம் ஆய்வுக்கு உரியதாக்குகின்றன.

1990களின் தொடக்கம். பன்னிரண்டு அகவைச் சிறுவன் அப்போய் கற்பனையும் குறும்பும் மிக்கவன். தோட்டத்தை விட்டு வந்த தந்தை மணியம், மகன் படித்து முன்னேறவேண்டும் என்ற தவிப்பில் கடுமை காட்டுகிறார். தந்தையின் உடன்பிறந்தாருள் ஒருவன் குண்டர் கும்பலில் இருக்கிறான். மற்றொருவன் போதையிலிருந்து மீண்டவன். சிறுவனின் கண் கும்பலில் இருப்பவன் மீதே செல்கிறது. ஏன்? தந்தையிடமும் பள்ளியிலும் அவனுக்குக் கிட்டுவது அச்சம். அங்கே கிட்டுவது மதிப்பு. தொல்காப்பியர் கூறிய நான்காம் அச்சமாகிய 'தம் இறை' இங்கே உருப்பெறுகிறது. கள்வரினால் வரவேண்டிய அச்சம் இறையினால் வருகிறது. இறையிடம் கிட்டவேண்டிய அன்பு கள்வரிடம் கிட்டுகிறது. இப்புரட்டை ஒரே காட்சியில் காட்டிவிட இயலாது. சிறு சிறு தண்டனைகளாகவும், பேசாத பொழுதுகளாகவும் அடுக்கியே காட்டவேண்டும். அவற்றை 'இழுவை' எனத் தள்ளுவோர், அச்சிறுவன் ஏன் அவ்வழி சென்றான் என்பதையும் தள்ளிவிடுகின்றனர்.

இப்படம் வெளிவந்த திங்களிலேயே 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் புதிய படமும் உலகெங்கும் கொட்டகைகளை நிறைத்தது. அடுத்த ஆண்டு, 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த படத்தை மொழிவழிப் பிரித்து மதிப்பிடும் ஏற்பாட்டிற்குக் கலைஞர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏற்பாடு மாறியது, சிறந்த மலேசியத் திரைப்படமாக 'ஜகாட்' தேர்வு பெற்றது. விருது வந்தபின் அதனைத் தேடிக் கண்டோர் உண்டு. ஆனால் விருது எல்லாப் படத்திற்கும் வாராது. திரையிட்ட முதல் சில நாள்களில் காண்போர் கூறும் சொல்லே சிறு படங்களின் வாழ்நாளை முடிவு செய்கிறது.

கருத்துரைக்கும் முறை

இதனால், மெதுவாகச் செல்லும் படமெல்லாம் உயர்ந்தது என்று கொள்ளற்க. சொல்லுவதற்கு ஒன்றுமின்றி, இருண்ட காட்சியையும் நீண்ட மௌனத்தையும் போர்வையாக்கிக் கொள்ளும் படங்களும் உண்டு. கனல் இல்லாத கூடத்தில் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் தகடு பூஞ்சணம் பிடிக்குமேயன்றிப் பொன்னிறம் பெறாது. அத்தகைய படத்தை 'சலிப்பூட்டுகிறது' என்று கூறுதல் காண்போர் உரிமை. கூறும் முறையே நாம் கற்கவேண்டியது.

ஆசிரியர்கள் மாணவரிடம் 'படம் நன்றா, அன்றா?' எனக் கேட்பதை விடுத்து, நான்கு வினாக்களைக் கேட்கலாம். படம் எப்பொருளைக் காட்டியது? கண்ணும் செவியும் எதனை உணர்ந்தன? மனத்தில் என்ன குறிப்பு எழுந்தது? உடம்பில் யாது நிகழ்ந்தது? மூன்றாம் வினாவிற்கு விடையிருந்து நான்காவதற்கு இல்லையெனின், படம் கனலை மூட்டியது, முடிவுக்குக் கொண்டுசெல்லவில்லை என அறியலாம். நான்காவதற்கு விடையிருந்து மூன்றாவதற்கு இல்லையெனின், அது வெறும் அதிர்ச்சி. மெதுவாகத் தோன்றிய ஒரு காட்சியை நீக்கிப் பார்த்தால் இறுதியில் எழுந்த அச்சம் குறைகிறதா என்றும் ஆராயச் சொல்லலாம். குறையுமாயின் அக்காட்சி வேண்டியது; குறையாதாயின் சலிப்பு என்ற கருத்து சரியானது.

இவ்வாறு காரணம் காட்டிக் கூறும் கருத்து, மறுப்பாக இருப்பினும் இயக்குநர்க்கு உதவும். 'அறுவை' என்னும் ஒற்றைச் சொல் எவர்க்கும் உதவாது. பேராக்கின் தோட்டங்களில் வாழ்ந்தோரின் மனவரலாறு ஏட்டில் சிறிதே ஏறியிருக்கிறது. லயங்களும் புகைக்கூடங்களும் மறைந்து வருகின்றன. அங்கே பிறந்தோர் முதுமை எய்தி வருகின்றனர். அவ்வரலாற்றைத் திரையில் எழுத முன்வரும் இளைஞர் சிலரே. அவர்கள் மீண்டும் ஒரு படம் எடுப்பதும் எடுக்காமற் போவதும், நாம் கொட்டகையை விட்டு வெளிவந்ததும் அடுத்தவரிடம் கூறும் முதற்சொல்லைப் பொறுத்திருக்கிறது. அச்சொல்லைச் சற்றே எண்ணிக் கூறுதல் நம் கடன்.