மாமியாரும் நானும் ஒரு ராட்டையும்

இட்லிக் கொப்பரை தேடி மதுரையில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனவள், பெட்டி ராட்டையோடு திரும்பினேன். விலை 600 ரூபாய். எரவாடா சிறையில் இருந்த காலத்தில் காந்திஜி சீர்செய்த வகை இது. மூடினால் கைப்பெட்டி, திறந்தால் பெரிய சக்கரம், சின்னச் சக்கரம், கதிர்!

"பஞ்சு மிட்டாய் விக்கப் போறியா?" என்று சிரித்தார் என்னவர்.

கதிர் வளைந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தரையில் உருட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இற்றுப்போன கயிற்றை மாற்றி, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். சக்கரம் ஜோராகச் சுற்றியது. ஆனால் தலையணைப் பஞ்சை வைத்து இழுத்தால் நூலே வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் போனதிலிருந்து ஆறு மாதமாகச் சரியாகப் பேசாத என் மாமியார், மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது இலவம்பஞ்சுடி, வழுக்கும். பருத்தி வாங்கிட்டு வா. முறுக்கு கூடினா அறும், குறைஞ்சா பிரியும். பஞ்சை இறுக்காம, குருவிக்குஞ்சு மாதிரி பிடிச்சுக்கோ."

பள்ளிக்கூடத்தில் தக்ளியில் நூற்றவராம்! இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது தினமும் மத்தியானம் அடுப்படி வேலை முடிந்ததும் அரை மணி நேரம் நான் நூற்கிறேன். அத்தை பழங்கதை சொல்கிறார். நேற்று முதல் சிட்டம் சேர்ந்தது. முண்டும் முடிச்சுமான நூல்தான்.

"விளக்குத் திரிக்கு ஆகும்மா" என்றார் அத்தை.

சாயங்காலம் மாமனார் படத்துக்கு முன்னால் அந்தத் திரியைப் போட்டு அவரே விளக்கேற்றினார்.